காற்றில் அமோனியாவை பாசிவ் சாம்ப்ளரால் அளப்பது: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தைச் சுற்றிலும் ஏற்காட்டிலும் அமோனியா சாம்ப்ளர் மாட்டுகிறவர்களுக்கு உதவப் போகும் இடமெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்கள் கோழிப் பண்ணை நடத்துபவர்கள், காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள், கல்லூரியில் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படை; போகப் போகச் சிக்கலானவை. முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பாசிவ் சாம்ப்ளர்னா என்னங்க? கரண்டு, பம்பு எதுவுமே வேண்டாங்கறாங்களே, அப்புறம் எப்படி அளக்கும்?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாதான். உள்ளே சிட்ரிக் அமிலத்தில் நனைத்துக் காயவைத்த வட்டமான வடிதாள் இருக்கும். வாய்ப்பக்கம் மெல்லிய டெஃப்லான் சவ்வு. இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் அசையாத காற்று. அமோனியா காரத்தன்மை உள்ள வாயு என்பதால் அமிலத் தாளைத் தொட்டதும் அமோனியம் உப்பாகி அங்கேயே தங்கிவிடும். ஆகவே தாளை ஒட்டிய காற்றில் அமோனியா ஏறக்குறைய பூஜ்யம். வெளியே அதைவிட அதிகம். அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு வாயு தானாகவே நகரும். பள்ளியில் படித்த விரவல்தான் இது. பம்பு செய்ய வேண்டிய வேலையை இந்த ஏற்றத்தாழ்வே செய்துவிடுகிறது.

எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு அடால்ஃப் ஃபிக் 1855-இலேயே விதி தந்துவிட்டார். 1970-களில் அமெரிக்காவில் பாம்ஸ் என்பவர் அந்த விதியை வைத்து, ஒரு முனை மூடிய சிறு குழாயால் நைட்ரஜன் டை ஆக்சைடை அளந்தார். அமோனியாவுக்கு இப்போது பல வடிவங்கள் கிடைக்கின்றன: எடின்பரோவில் உருவான ஆல்ஃபா, இத்தாலியின் ரேடியெல்லோ, சாதாரண விரவல் குழாய்கள். நான் மேலே சொன்ன அமைப்பு ஆல்ஃபா வகை. மின்கம்பம் எட்டாத எஸ்டேட் மூலையிலும் இதை மாட்டலாம். நமக்கு அதுதான் பெரிய வசதி.

மூக்குக்கே தெரியுதே, அப்புறம் எதுக்கு அளக்கணும்?

மூக்குக்குத் தெரிவது மிக அதிக அளவு மட்டும்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் சில பங்கு) இருந்தால்தான் அமோனியா வாசனை பிடிபடும். 1 பிபிஎம் என்பது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 700 மைக்ரோகிராம். மரத்தில் வளரும் பாசிகளுக்கு (கல்பாசி போன்ற லைக்கன் வகைகள்) பாதிப்பு தொடங்குவதோ ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவில். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளி முழுவதும் மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, மூக்கு பழகிவிடும். பண்ணையிலேயே நாளெல்லாம் வேலை செய்பவருக்கு வாசனையே இல்லை என்று தோன்றும். வெளியிலிருந்து வந்தவருக்குக் கண் எரியும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நம்ம பக்கம் அமோனியா எங்கிருந்துங்க வருது?

முதல் இடம் கால்நடைக்கும் கோழிக்கும். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் முட்டைக் கோழிக்குப் பேர்போனது என்பது எல்லோருக்கும் தெரியும். கோழி தன் உடலில் மிஞ்சும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. எச்சம் காய்ந்தே இருந்தால் அது அப்படியே கிடக்கும். ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் உடைத்து அமோனியாவாக்கிவிடும். தண்ணீர் நிப்பிள் ஒழுகும் கொட்டாயில் வாசனை தூக்கலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மாட்டுத் தொழுவத்தில் மூத்திரத்தில் உள்ள யூரியா சாணத்தோடு கலந்தவுடன் அதே வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

அடுத்தது வயல். யூரியா உரத்தில் 46 சதவீதம் நைட்ரஜன். மக்காச்சோளத்துக்கோ மரவள்ளிக்கோ மேலாகத் தூவிவிட்டு, தண்ணீர் விடாமல் வெயிலில் விட்டால் முதல் சில நாட்களிலேயே அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உரம்தான் அது. தூவியதும் மண்ணுக்குள் இறங்கும்படி தண்ணீர் பாய்ச்சினால் இழப்பு நன்றாகக் குறையும். இவை போக, சாக்கடை, எருக்குழி, குப்பைமேடு, நகரத்தில் பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாய் எல்லாமும் சேர்கின்றன. திருமணிமுத்தாற்றில் ஊர்க் கழிவு தேங்கும் பகுதிகளின் ஓரத்தில் மாட்டினாலும் எண் கூடுதலாக வரத்தான் செய்யும்.

சேகோ ஃபேக்டரி பக்கம் போனா மூக்கைப் பொத்தணும். அது அமோனியாதானே?

பெரும்பாலும் இல்லை. மரவள்ளிக் கிழங்கு முழுக்க மாவுச்சத்து. அதில் புரதம், அதாவது நைட்ரஜன், மிகக் குறைவு. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் குட்டையில் தேங்கிப் புளிக்கும்போது வருவது கரிம அமிலங்களின் புளிப்பு நாற்றமும், காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றமும். இரண்டும் அமிலத்தன்மை உள்ளவை. அமிலம் பூசிய தாள் அவற்றைப் பிடிக்காது.

குட்டைக்குப் பக்கத்தில் அமோனியா சாம்ப்ளர் மாட்டி, எண் குறைவாக வந்ததும் "பாருங்கள், ஒரு மாசும் இல்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அங்கே அளக்க வேண்டியது வேறு பொருள், அதற்கு வேறு சாம்ப்ளர்.

எங்க மாட்டணும்? எவ்ளோ உயரத்துல? எங்க வீட்டுத் திண்ணையில மாட்டினா ஆகாதா?

திண்ணை வேண்டாம். சுவர், கூரை, தாழ்வாரம் எல்லாம் காற்றோட்டத்தைத் தடுக்கும். அதோடு வீட்டுத் தொழுவமும் குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்காலும் கிட்டவே இருக்கும். திறந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டு, தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். சவ்வு உள்ள வாய் கீழே பார்க்க வேண்டும். மேலே மழை மறைப்பாக ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு டப்பாவைவிடக் கீழே இறங்கியிருந்தால் சாரலும் படாது.

எந்த இடம் என்பது நீங்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைத் தீர்மானிக்காமல் மாட்டிவிட்டு, எண் வந்த பிறகு கேள்வியைத் தேடுகிறவர்கள் அதிகம். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு பகுதியின் பொதுவான அளவு வேண்டுமானால், எந்தத் தொழுவமும் எருக்குவியலும் சில நூறு மீட்டருக்குள் இல்லாத இடம் வேண்டும். ஒரு பண்ணையின் தாக்கம் எதுவரை போகிறது என்று தெரிய வேண்டுமானால், காற்று அடித்துப் போகும் திசையில் 50, 150, 300, 600 மீட்டர் என்று ஒரு வரிசையாக மாட்டி, எதிர்ப்பக்கத்திலும் ஒன்று வையுங்கள். தரைமட்டத்தில் கிளம்பும் அமோனியா பக்கத்து மண்ணிலும் இலையிலும் படிந்தும், காற்றில் கலந்து நீர்த்தும் சீக்கிரம் குறையும். முதல் சில நூறு மீட்டரிலேயே பெரிய இறக்கம் தெரிந்துவிடும். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று. வரிசையை ஒரு திசையில் மட்டும் போட்டால் பாதி வருஷம் பொய்யாகிவிடும்.

ஏற்காட்டில் இன்னும் ஒன்று உண்டு: குரங்கு. கொண்டை ஊசி வளைவுப் பாதை ஓரத்தில் எதைத் தொங்கவிட்டாலும் பிடுங்கிப் பார்க்காமல் விடாது. பாதையை விட்டு உள்ளே தள்ளி, டப்பாவைக் கிண்ணத்துக்குள் ஒட்டி, கிண்ணத்தைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். பறவை உட்காராதபடி மேலே சில கம்பிகளை நிமிர்த்தி வையுங்கள். பறவை எச்சமும் யூரிக் அமிலம்தான்.

ஒரே இடத்துல எதுக்குங்க மூணு டப்பா? ஒண்ணு போதாதா?

ஒன்று மட்டும் இருந்தால் அது சரியா தவறா என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு இருந்து ஒத்துப்போகாவிட்டால் எது தப்பு என்று தெரியாது. மூன்று இருந்தால்தான் விலகி நிற்கும் ஒன்றை அடையாளம் காண முடியும். உள்ளே சிலந்தி புகுந்திருக்கும், சவ்வு கிழிந்திருக்கும், தாள் நழுவியிருக்கும். மூன்று எண்களின் சிதறல் அவற்றின் சராசரியில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல அளவீடு என்று எடுத்துக்கொள்ளலாம்.

காசு குறைவாக இருந்தால் இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், டப்பாவின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். பத்து இடத்தில் நம்ப முடியாத எண்களைவிட மூன்று இடத்தில் நம்பக்கூடிய எண்கள் மேல்.

பிளாங்க் பிளாங்க்னு சொல்றாங்களே, மாட்டாத டப்பாவுக்கும் காசு கட்டணுமா?

கட்டத்தான் வேண்டும். இந்த வேலையில் மிக அதிகம் பேர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இதில்தான், கெட்டுப்போவதும் இதில்தான். தாளில் அமோனியா ஏறுவது நாம் மாட்டி வைத்திருக்கும் நாட்களில் மட்டும் அல்ல. பூச்சு பூசும்போது கொஞ்சம், பார்சலில் வரும்போது கொஞ்சம், கையால் தொடும்போது கொஞ்சம் என்று ஏறிக்கொண்டே இருக்கும். வியர்வையிலும் மூச்சுக்காற்றிலும்கூட அமோனியா உண்டு. எனவே ஒரு டப்பாவை மூடி திறக்காமல், மற்ற டப்பாக்களோடு அதே பையில் போய்வரச் செய்து, கடைசியில் அதையும் சோதிக்க வேண்டும். அதில் எவ்வளவு இருக்கிறதோ அதை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். இதுதான் பயண பிளாங்க்.

கோழிப் பண்ணை ஓரத்தில் இது பெரிதாகத் தெரியாது. சேர்வராயன் மலைமேல் சுத்தமான இடத்தில் அளக்கும்போது தாளில் சேர்வதே மிகக் கொஞ்சம். அங்கே பிளாங்க் இல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை. கையுறை போடுங்கள், தாளின் பக்கம் மூச்சு விடாதீர்கள், கழற்றியதும் மூடி போட்டு ஜிப் கவரில் இட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் சிலவற்றில் அமோனியா இருக்கும். அதை அடித்துத் துடைத்த மேஜையில் வைத்து டப்பாவைத் திறக்காதீர்கள்.

எத்தனை நாள் தொங்கவிடணும்? ஒரு வாரத்துல எடுத்துடலாமா?

பொதுவான அளவுக்கு ஒரு மாதம் என்பதே வழக்கம். குறைவாக உள்ள இடத்தில் ஒரு வாரத்தில் சேரும் அளவு பிளாங்க் அளவோடு போட்டி போடும். பண்ணைக்கு மிக அருகில் என்றால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ போதும். மாட்டிய தேதியும் நேரமும், கழற்றிய தேதியும் நேரமும் மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நேரம் தெரியாத சாம்ப்ளரைக் கணக்குப் போடவே முடியாது.

வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் அளந்துவிட்டு ஆண்டு அளவு என்று சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் எச்சத்திலிருந்து ஆவியாவது வேறு, ஐப்பசி மழையில் காற்று கழுவப்படுவது வேறு, மார்கழிக் காலையில் குளிர்காற்று தரையோடு படுத்துக் கிடக்கும்போது சேர்வது வேறு. பன்னிரண்டு மாதமும் முடியாவிட்டால், ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாதமாவது மாட்டுங்கள்.

ரிசல்ட்டுல மைக்ரோகிராம், கன மீட்டர்னு வருது. அதை எப்படிக் கணக்குப் போடறாங்க?

தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, கரைந்த அமோனியத்தை ஆய்வகத்தில் அளப்பார்கள். ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தால் நீலநிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அமோனியம் அவ்வளவு. 1859-இல் பெர்த்தலோ கண்டுசொன்ன வினை இது. இண்டோஃபீனால் நீல முறை என்பார்கள். அயனி குரோமட்டோகிராஃபியிலும் செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, உங்கள் டப்பா மணிக்கு 3 லிட்டர் காற்றிலுள்ள அமோனியாவைப் பிடிக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் என்றால் 720 மணி. 720-ஐ 3-ஆல் பெருக்கினால் 2,160 லிட்டர், அதாவது 2.16 கன மீட்டர். தாளில் 4.9 மைக்ரோகிராம் அமோனியம், பிளாங்கில் 0.3. கழித்தால் 4.6. அமோனியத்தை அமோனியாவாக மாற்ற 17-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் 4.34. அதை 2.16-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம். அந்த 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்ற எண் ஒவ்வொரு வடிவத்துக்கும் வேறு. தயாரித்தவர் தந்த எண்ணைத்தான் போட வேண்டும், இன்னொரு வகையின் எண்ணைப் போடக்கூடாது.

எனக்கு 2 மைக்ரோகிராம்னு வந்திருக்கு. நல்லதா, கெட்டதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. 2009 நவம்பரில் வெளியான இந்திய காற்றுத் தரநிலைப்படி அமோனியாவின் ஆண்டு சராசரி 100 மைக்ரோகிராமும், 24 மணி நேர அளவு 400 மைக்ரோகிராமும் தாண்டக்கூடாது. அந்தக் கணக்கில் 2 என்பது மிகச் சுத்தம். மனிதர் சுவாசத்துக்கு இந்த அளவில் கவலை இல்லை.

செடிகொடிகளின் கணக்கு வேறு. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் 2007-இல் ஏற்கப்பட்ட வரம்புகளின்படி, கல்பாசி, மரப்பாசி வகைகளும் அவை முக்கியமாக உள்ள காடுகளும் தாங்குவது ஆண்டு சராசரி 1 மைக்ரோகிராம். மற்ற செடிகளுக்கு 3, அதுவும் 2 முதல் 4 வரை என்ற ஐயத்தோடு. அந்தக் கணக்கில் உங்கள் 2 என்பது பாசிகளுக்கு ஏற்கெனவே இரு மடங்கு.

ஏற்காட்டுல சில்வர் ஓக் மரத்துல பாசி நெறைய இருக்கு. அதைப் பார்த்தே சொல்லிட முடியாதா?

ஓரளவு முடியும், ஆனால் 'நிறைய' என்பதை வைத்து முடியாது. எந்த வகை என்று பார்க்க வேண்டும். அமோனியா கூடும்போது சில வகைகள் மறைந்துபோகும், நைட்ரஜனை விரும்பும் வகைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மரப்பட்டை முழுக்கப் பாசி இருந்தும் அமோனியா அதிகமாக இருக்கலாம். ஐரோப்பாவில் பண்ணை ஓரத்து மரங்களில் ஸான்தோரியா என்ற மஞ்சள் பாசி செழிப்பது இப்படித்தான்.

1 மைக்ரோகிராம் வரம்பும் பெரும்பாலும் ஐரோப்பியக் குளிர்நாட்டுப் பாசிகளைப் பார்த்து வகுத்தது. நம் மலைக்கு அதை எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாகச் சொல்லக்கூடாது. அதனால்தான் காபித் தோட்டங்களில் சாம்ப்ளர் மாட்டும் அதே மரங்களில் பாசி வகைகளையும் குறித்து வைக்கும்படி வற்புறுத்துகிறேன். மண்ணில் வேர் இல்லாமல் காற்றையும் மழையையும் நம்பி வாழும் உயிர்கள் சேர்வராயன் மலையில் பாசி மட்டும் அல்ல. தேசிய ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டில் இருக்கிறது. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களுக்கும் காற்றில் வருவதுதான் உணவு. நம்மிடம் நம் ஊர் எண்கள் சேர்ந்தால்தான் நம் ஊர் வரம்பைப் பற்றிப் பேச முடியும்.

கோழிக் கொட்டாய்க்குள்ளயே ஒண்ணு மாட்டி வெச்சா வேலை முடிஞ்சதே?

மாத சாம்ப்ளரை உள்ளே மாட்டாதீர்கள், அது நிரம்பிவிடும். வேலைசெய்பவருக்கு எட்டு மணி நேரத்துக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு 25 பிபிஎம். அதாவது கன மீட்டருக்குச் சுமார் 17,000 மைக்ரோகிராம். மேலே போட்ட கணக்குப்படி ஒரு மாதத்தில் தாளில் 36 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா சேர வேண்டும். தாளில் 10 மில்லிகிராம் சிட்ரிக் அமிலம் இருந்தால், அது முழுவதும் செலவானாலும் 2.7 மில்லிகிராம் அமோனியாவுக்கு மேல் பிடிக்காது. அமிலம் தீர்ந்த பிறகு வருவது பதிவாகாது. எண் உண்மையைவிடப் பலமடங்கு குறைவாக வரும். உள்ளே நிலைமை நன்றாக இருப்பதாக அந்த எண் ஏமாற்றும்.

கொட்டாய்க்குள் நிறம் மாறும் குழாய்களோ சில மணி நேரத்துக்கான டோசிமீட்டர்களோதான் பொருத்தம். கோழி நிற்கும் உயரத்தில் அளந்து பாருங்கள். ஆள் நிற்கும் உயரத்தில் இருப்பதும் கீழே எச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

கசிவு நடந்தா இது காட்டிக்கொடுக்குமா? ஐஸ் பிளான்ட்டு பக்கத்துல குடியிருக்கோம்.

காட்டாது. கரண்ட் மீட்டர் மாதம் எத்தனை யூனிட் என்று சொல்லும், எந்த நாள் மோட்டார் அதிகம் ஓடியது என்று சொல்லாது, இதுவும் அப்படித்தான். 29 நாள் 1 மைக்ரோகிராமும் ஒரே ஒரு நாள் 30 மைக்ரோகிராமும் இருந்தாலும் மாதச் சராசரி ஏறக்குறைய 2 என்றுதான் வரும். குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் ஆலை, பால் குளிரூட்டும் நிலையம் போன்ற இடங்களில் உடனே அலறும் மின்னணு உணரி வேண்டும். அங்கே சாம்ப்ளரை மாட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பது ஆபத்து. கசிவு வாசனை வந்தால் காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து வெளியேறி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

மலை மேல காத்து லேசு. கீழ போடற அதே கணக்கை ஏற்காட்டுலயும் போடலாமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் முட்டிக்கொள்வது குறைந்து, அமோனியா வேகமாக விரவும். இதனால் மட்டும் டப்பா பிடிக்கும் காற்றின் கணக்கு 15 முதல் 20 சதவீதம் கூடும். மறுபக்கம், மலைமேல் குளிர் அதிகம். 10 டிகிரி குறைந்தால் விரவல் 6 சதவீதம் போலக் குறையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே டப்பா கொஞ்சம் அதிகமாகவே இழுக்கும்.

அதனால் எண் தப்பா என்றால், நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. கடல்மட்டத்து எண்ணை அப்படியே போட்டுக் கணக்கிட்டால், கிடைப்பது ஏற்காட்டு ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் அளவல்ல; அதே காற்றைக் கடல்மட்டத்து அழுத்தத்துக்கு அமுக்கினால் ஒரு கன மீட்டரில் எவ்வளவு இருக்குமோ ஏறக்குறைய அந்த அளவு. அழுத்தத்தின் விளைவு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. சேலத்தையும் ஏற்காட்டையும் ஒப்பிட இது நேர்மையான வழிதான். உள்ளூர்க் காற்றில் உள்ளபடி வேண்டுமானால் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தம் போட வேண்டும். இரண்டில் எதைச் செய்தீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு இடத்துக்குத் திருத்தம் போட்டு, இன்னொன்றுக்குப் போடாமல் ஒப்பிடுவதுதான் கூடாது.

ஏற்காட்டுல பாதி நாள் பனிமூட்டம். அமோனியா தண்ணியில கரையுமே, அப்ப அளவு கொறஞ்சிடாதா?

கரையும், நன்றாகவே கரையும். மூடுபனித் துளிகளில் கரைந்த அமோனியா அந்த நேரத்தில் வாயுவாக இல்லை. டப்பா அளப்பது வாயுவை மட்டும். ஆகவே பனிமூட்டத்தின்போது எண் குறைவது கருவியின் பிழையல்ல. வாயு அப்போது உண்மையிலேயே குறைவு. ஆனால் இலைக்கும் பாசிக்கும் நைட்ரஜன் போய்ச் சேர்வது நிற்கவில்லை, துளி வழியாகப் போகிறது. அதை அறியப் பனிநீரைப் பிடித்துத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

கருவிக்கு வரும் கெடுதல் வேறு. சவ்வின் மேல் நீர்ப்படலம் படிந்தால் வாயு நுழைவது தடைபடும். டெஃப்லான் தண்ணீரை ஒட்டவிடாது என்றாலும், காற்றோடு அடிக்கும் பனிக்கு எதிரே ஆழமான மழை மறைப்பு வேண்டும். கழற்றும்போது சவ்வு ஈரமாக இருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

போர்டுக்காரங்க அளவு ஒண்ணு சொல்லுது, எங்க டப்பா வேற சொல்லுது. யாரை நம்பறது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரநிலைப்படி செய்யும் வழக்கமான அளவீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்குக் குறைந்தது 104 முறை, 24 மணி நேரம் காற்றை இழுத்து அளப்பார்கள். உங்கள் டப்பா ஏழு நாளும் பிடிக்கிறது. யாரோ உரம் போட்ட நாள் அந்த இரண்டு நாளில் வராமல் போயிருக்கலாம். இடமும் வேறு; நகரத்து மாடியில் இருக்கும் கருவியையும் பண்ணைக்கு 200 மீட்டரில் இருக்கும் கம்பத்தையும் ஒப்பிடவே கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. திரவத்தில் குமிழியிட்டுப் பிடிக்கும் முறையில், தூசியோடு வரும் அமோனியம் உப்பும் சேர்ந்து கணக்காகிவிட வாய்ப்புண்டு. நம் டப்பாவின் சவ்வு தூசியைத் தடுத்துவிடும்.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் உங்கள் மூன்று டப்பாவையும் பம்பு வைத்த கருவிக்குப் பக்கத்திலேயே, அதே நாட்களில் மாட்டுங்கள். ஒரு புராஜெக்ட்டில் ஒரு மாதமாவது இதைச் செய்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செய்யாவிட்டால் உங்கள் எண்கள் தங்களுக்குள் ஒப்பிட மட்டுமே ஆகும்.

டப்பாவை நாங்களே செஞ்சுக்கலாமா? எலுமிச்சை உப்பும் சிட்ரிக் ஆசிட்தானே?

பொருள் அதேதான், தூய்மை அதே அல்ல. பூச்சுக்கு ஆய்வகத் தரச் சிட்ரிக் அமிலத்தை மெத்தனாலில் கரைப்பார்கள். மெத்தனால் நஞ்சு, தீப்பற்றும். சமையலறையில் தொடக்கூடாத பொருள். வேதியியல் துறையும், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வக மேடையும் (ஃபியூம் ஹுட்) உள்ள கல்லூரியில் ஆசிரியர் மேற்பார்வையில் தாளைத் தயாரிக்கலாம், நீலநிறச் சோதனையையும் அங்கேயே செய்யலாம். டப்பாவின் உடலை மட்டும் வாங்கிவிடுங்கள். சவ்வுக்கும் தாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கணக்கு நன்றாக மாறிவிடும்.

இந்த ரிப்போர்ட்டை வெச்சு பக்கத்துப் பண்ணை மேல கேஸ் போட முடியுங்களா?

இதை மட்டும் வைத்து என்றால் நிற்காது. தரநிலையில் அமோனியாவுக்குச் சொல்லப்பட்டவை கெமிலூமினசென்ஸ் முறையும் (வேதிவினையில் எழும் ஒளியை அளப்பது) இண்டோஃபீனால் நீல முறையும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் எடுத்த அளவும் வேண்டும். மாதச் சராசரியை 24 மணி நேர வரம்பான 400-உடன் ஒப்பிடவும் முடியாது. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அந்த இடத்தில் வந்து அளக்கச் சொல்லிக் கேட்பதற்கு, வரிசையாக மாட்டிய கம்பங்களின் எண்கள் வலுவான ஆதாரம். பண்ணையை நெருங்க நெருங்க ஏறும் எண்களை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

வழக்குக்கு முன்னால் பண்ணைக்காரரிடம் அதே எண்களைக் காட்டிப் பேசிப் பாருங்கள். ஒழுகும் நிப்பிளை மாற்றுவது, எச்சத்தைக் காயவைப்பது, குவியலை மூடிவைப்பது ஆகியவற்றால் அளவு குறைகிறதா என்று அதே கம்பங்களே அடுத்த மாதம் சொல்லும். அமோனியா குறைந்தால் கோழிக்கும் கண்ணும் மூச்சுக்குழலும் நன்றாக இருக்கும், எருவிலும் நைட்ரஜன் மிஞ்சும். அவருக்கு அதில் நஷ்டம் இல்லை.

ஒரு மாசம் மட்டும் நாலு மடங்கு வந்திருக்கு. அதைத் தூக்கிட்டு மீதியை மட்டும் போடலாமா?

முதலில் அந்த இடத்து மூன்று டப்பாவையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் எகிறியிருந்தால் எச்சமோ பூச்சியோ விழுந்திருக்கும். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த ஒன்றை விலக்கி, விலக்கியதை எழுதுங்கள். பயண பிளாங்கும் சேர்ந்து எகிறியிருந்தால் பார்சலிலோ ஆய்வகத்திலோ கோளாறு. அந்த மாதம் முழுவதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

மூன்றும் ஒத்துப்போய், பிளாங்கும் சுத்தமாக இருந்தால் அந்த எண் உண்மை. சுற்றிலும் விசாரியுங்கள். மரவள்ளிக் காட்டுக்குக் கோழி எரு இறக்கிக் குவித்திருப்பார்கள், பக்கத்து வயலில் யூரியா போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்திருப்பார்கள், கம்பத்துக்குக் கிட்ட ஆட்டுப்பட்டி போட்டிருப்பார்கள். காரணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எண்ணை நீக்காதீர்கள். அந்த மாதத்தைச் சேர்த்து ஒன்றும் விட்டு ஒன்றுமாக இரண்டு ஆண்டு சராசரிகளையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விசாரித்தபோது தெரிந்ததைக் கீழே எழுதிவிடுங்கள்.